பல்கலைக்கழக வாசலில் குழந்தை

அவைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, குழந்தை வளர்ச்சித் துறையில் இந்த ஆண்டு அடியெடுத்து வைத்திருக்கும் மாணவ மாணவியரே, அவர்களைத் துணிந்து இத்துறைக்கு அனுப்பிவைத்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

துணிந்து என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. மருத்துவமோ பொறியியலோ படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், எதற்கு என்று கேட்பவர் நம் ஊரில் இல்லை. குழந்தை வளர்ச்சியைப் படிக்கப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னாலோ, சொந்தப் பாட்டியிலிருந்து எதிர்வீட்டுக்காரர் வரையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பிள்ளை வளர்ப்பதைப் பல்கலைக்கழகத்துக்குப் போயா படிக்க வேண்டும்? ஒரு பையன் சொன்னாலோ, கேள்விகூடக் கேட்காமல் அவனை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். இந்த மாலையில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் கேள்விதான்.

அந்தக் கேள்வியை அலட்சியம் செய்வது நமக்கு அழகன்று. எந்தப் பரீட்சையும் எழுதாமல், எந்தப் பட்டமும் பெறாமல், தலைமுறை தலைமுறையாக நம் தாய்மார்கள் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கியிருக்கிறார்கள். கழுத்து நின்றுவிட்டதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, குப்புற விழுந்துவிட்டதா, தவழ்கிறதா என்று நாள்தோறும் கவனித்து, பிள்ளை வாசற்படி தாண்டிய அன்று பலகாரம் செய்து அக்கம்பக்கத்தில் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் இன்றும் நம்மிடையே உண்டு. ஐந்தாம் மாதத்துக் குழந்தை ஒரு காலை மடக்கிக் கையூன்றித் தலை அசைத்து ஆடுவதைச் செங்கீரை என்றும், ஒன்பதாம் மாதத்தில் இரு கையும் சேர்த்துக் கொட்டுவதைச் சப்பாணி என்றும் பருவம் பிரித்துப் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் நெடுநேரம் உட்கார்ந்து ஒரு குழந்தையைக் கண்கொட்டாமல் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவும் நம்மிடம் இருக்கும்போது பல்கலைக்கழகத்துக்கு இங்கே என்ன வேலை?

என் பதில் இது. தன் பிள்ளையைத் தாய் அறிவாள். அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால், பார்த்திருக்க ஒருவருமில்லாத பிள்ளையை யார் அறிவார்? கூலிக்குப் போன தாய் திரும்பும்வரை ஏணையில் கிடக்கும் பிள்ளையை, காது கேளாதது தெரியாமல் பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கிய பிள்ளையை, மந்தம் என்று முத்திரை குத்தி வகுப்பின் கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையை, அநாதை விடுதியில் முப்பது தொட்டில்களுக்கு நடுவே முப்பத்தோராவது தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை யார் அறிவார்? தன் பிள்ளையை வளர்க்கப் பாசம் போதும். பிறர் பிள்ளைக்குப் பொறுப்பேற்பதற்குப் பாசத்தோடு சாஸ்திரமும் வேண்டும். அந்தச் சாஸ்திரத்தை அமைதியாக இருந்து கற்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் நீங்கள் சேர்ந்திருக்கும் துறை.

அந்தச் சாஸ்திரத்தின் முதல் பாடம் பார்ப்பது. பார்ப்பதில் என்ன பாடம் என்று நினைக்காதீர்கள். சார்லஸ் டார்வின் தமக்கு 1839-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் பிறந்த மூத்த மகனைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே கவனித்துக் குறிப்பெழுதினார். எப்போது தும்மினான், எந்த ஓசைக்குத் திடுக்கிட்டான், கோபம் முதலில் முகத்தின் எந்தப் பகுதியில் தெரிந்தது என்றெல்லாம் எழுதி வைத்த அந்தக் குறிப்புகளை அவர் ஒரு கட்டுரையாக வெளியிட்டது 1877-இல். அதற்குள் அந்தக் குழந்தை முப்பத்தேழு வயது மனிதனாகிவிட்டான்! உலகத்தின் உயிர்களையெல்லாம் ஆராய்ந்த ஒரு மேதை, தன் வீட்டுத் தொட்டிலில் கண்டதைச் சொல்வதற்கு அத்தனை காலம் காத்திருந்தார் என்றால், செய்முறை வகுப்பில் அரைமணி நேரம் ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு அதன் குணத்தை நாலு வரியில் தீர்மானித்து எழுதுகிற நாம் எவ்வளவு நிதானப்பட வேண்டும்!

நான் சொல்வது உங்களுக்கு விளங்குவதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். துறையின் பாலர் பள்ளியில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குழந்தை வந்து கையை நீட்டுகிறது. முதல் குழந்தை கட்டைகளையெல்லாம் மடியில் அள்ளி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருகிறது. புதிதாகச் சேர்ந்த மாணவி தன் ரெக்கார்டு நோட்டில் என்ன எழுதுகிறாள்? 'குழந்தை சுயநலம் மிக்கது. பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இல்லை' என்று எழுதுகிறாள். அந்த நோட்டைத் திருத்துகிற ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அம்மா, சுயநலத்தை நீ எங்கே பார்த்தாய்? நீ பார்த்தது கட்டையை அள்ளிய கையை. நீ பார்த்தது திரும்பிய முதுகை. அந்தப் பிள்ளை வீட்டில் மூன்று அண்ணன்மாருக்குத் தம்பியோ, விளையாட்டுச் சாமான் என்று ஒன்றை இதுவரையில் கையில் பிடித்ததே இல்லையோ, பாதி கட்டிய கோபுரம் கலைந்துவிடுமே என்று அஞ்சியதோ, அது உனக்குத் தெரியாது. தெரியாததை எழுதாதே. பார்த்ததை எழுது.

பார்த்ததை எழுது! பாடத்திட்டத்தில் எத்தனை தாள்கள் இருந்தாலும், குழந்தை மனவளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயின் படிநிலைகளும் வைகோட்ஸ்கியின் கருத்துகளும் பரீட்சைக்கு எவ்வளவு மனப்பாடமானாலும், இந்த ஒரு பழக்கம் கைவராதவர்க்கு மற்றவை யாவும் சுமையே. ஜெனீவாவில் பியாஜே தம் மனைவியோடு சேர்ந்து தம் மூன்று குழந்தைகளையும் இவ்வாறுதான் பார்த்தார். கையிலிருந்த பொருளைத் துணியால் மூடினால் சில மாதக் குழந்தை அதைத் தேடுவதே இல்லை என்பதையும், இன்னும் சில மாதம் கழித்து அதே குழந்தை துணியை விலக்கிப் பார்க்கிறது என்பதையும் பார்த்து எழுதினார். தத்துவம் அதன் பிறகு வந்தது.

சரி, பல்கலைக்கழகம் என்கிற பெரிய ஸ்தாபனத்துக்குள் குழந்தை எப்போது பிரவேசித்தது? இந்த வரலாறு நம் மாணவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படுவதில்லை என்பது என் நீண்டகாலக் குறை; ஆகையால் சற்று விரிவாகவே சொல்ல என்னை அனுமதியுங்கள்.

அமெரிக்காவின் அயோவா மாநிலம் மக்காச்சோளத்துக்கும் பன்றி வளர்ப்புக்கும் பேர்போன பூமி. அங்கே கோரா பஸ்ஸி ஹில்லிஸ் என்றொரு பெண்மணி இருந்தார். பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரத்தை அறிந்தவர். தாய்மார் சங்கங்களில் உழைத்தவர். நல்ல சோளத்தை விளைவிப்பது எப்படி, நோயற்ற பன்றியை வளர்ப்பது எப்படி என்று ஆராய்வதற்கு அரசாங்கம் பணம் கொடுத்துப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறதே, குழந்தையை ஆராய்வதற்கு ஒரு நிலையம் ஏன் இல்லை என்று அவர் கேட்டார். ஒரு முறை கேட்டு ஓய்ந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்காகக் கேட்டார், சட்டமன்ற உறுப்பினர்களைக் கேட்டார், பல்கலைக்கழகத்தாரைக் கேட்டார். அதன் பயனாக, 1917-இல், அயோவா பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் நல ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. நோயுற்ற குழந்தையையும் குற்றம் புரிந்த சிறுவனையும் ஆராய்ந்தவர்கள் முன்பே உண்டு. சாதாரணக் குழந்தை, நன்றாக இருக்கிற குழந்தை, அதுவும் ஆராய்ச்சிக்கு உரியது என்று ஒரு பல்கலைக்கழகம் தனி நிலையம் அமைத்து ஒப்புக்கொண்டதற்கு அதுவே முன்னோடி. கேட்டது யார்? பேராசிரியர் அல்லர், அமைச்சர் அல்லர், ஒரு தாய். நம் துறையை ஏளனமாகப் பார்ப்பவர்களிடம் நீங்கள் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும்.

அந்த அயோவாவில்தான், 1930-களில், நம் துறையின் வரலாற்றிலேயே என் மனத்தை மிகவும் தொட்ட சம்பவம் நடந்தது. டேவன்போர்ட் என்ற ஊரில் ஓர் அநாதை விடுதி. அங்கே பாலும் உடையும் நேரத்துக்குக் கிடைத்தன. எடுத்து மடியில் வைத்துப் பேச ஆள் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள், ஒன்றரை வயதை நெருங்குகிறவை, ஆறேழு மாதக் குழந்தைகளின் நிலையிலேயே கிடந்தன. இவை தேறமாட்டா என்று முடிவு கட்டி, அறிவு வளர்ச்சி குன்றிய பெரியவர்களை வைத்திருந்த வேறொரு விடுதிக்கு அவற்றை அனுப்பிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து ஹெரால்டு ஸ்கீல்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர் அந்த விடுதிக்குப் போனபோது, அங்கே ஓடி விளையாடிச் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகளும் அவைதாம் என்று நம்புவதற்கே அவருக்குக் கடினமாக இருந்தது. நடந்தது என்ன? மருந்து இல்லை, விசேஷப் பாடம் இல்லை. அந்த விடுதியில் இருந்த பெண்கள், உலகம் மந்தபுத்தி என்று ஒதுக்கி வைத்த அந்தப் பெண்கள், இந்தக் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள், கொஞ்சினார்கள், நாளெல்லாம் பேசினார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தன்னுடையவள் என்று சொல்லிக்கொள்ள ஒருத்தி கிடைத்தாள்.

ஸ்கீல்ஸ் இதை ஒரு விந்தை என்று எழுதிவிட்டு நகரவில்லை. மொத்தம் 13 குழந்தைகள் அவ்வாறு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய புத்தி அளவை சராசரியாக இருபத்தேழு புள்ளிகளுக்குமேல் உயர்ந்தது. அநாதை விடுதியிலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகளின் பதிவுகளைப் பின்னர் எடுத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் இவர்களைவிட நன்றாக இருந்த அவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். அன்றைய பெரிய அறிஞர்கள் இதை ஏற்றார்களா? இல்லை. புத்தி பிறவியிலேயே அமைந்தது, அது மாறாது என்று உறுதியாக இருந்த லூயிஸ் டெர்மன் போன்றவர்கள் அயோவாக்காரர்களைக் கடுமையாகச் சாடினார்கள். ஸ்கீல்ஸ் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் கழித்து அந்த 25 பேரையும் தேடிப் புறப்பட்டார். 1966-இல் தாம் கண்டதை வெளியிட்டார். தூக்கி வளர்க்கப்பட்ட 13 பேரும் தம் காலில் நின்று பிழைத்தார்கள். இடைநிலை அளவில் பார்த்தால் பள்ளியிறுதி வரை படித்திருந்தார்கள். மற்றவர்களில் ஒருவர் இளமையிலேயே விடுதியில் இறந்திருந்தார். சிலர் அப்போதும் விடுதிச் சுவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். இந்தப் பிரிவினரின் படிப்பு இடைநிலை அளவில் மூன்றாம் வகுப்பைக்கூட எட்டவில்லை. எண்ணைக் கண்டு விதியென்று முடிவு கட்டிய பெரியவர்களைவிட, எண்ணே தெரியாத அந்த விடுதிப் பெண்களே குழந்தைகளுக்கு நன்மை செய்தார்கள்.

அன்பர்களே, இந்தக் கதையை இத்துடன் நிறுத்தினால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். நிறுத்துவது நேர்மையாகாது. அதே பல்கலைக்கழகம், அதே டேவன்போர்ட் விடுதி, அதே 1930-களின் இறுதி. பேச்சுத் திக்கல் எப்படி உண்டாகிறது என்று அறிய விரும்பிய வெண்டெல் ஜான்சன் என்ற பேராசிரியரின் மேற்பார்வையில், 1939-இல், ஒரு பட்டமேற்படிப்பு மாணவி அங்கிருந்த 22 குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தைகள் சிலரிடம், உனக்குத் திக்கல் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசவே பேசாதே என்று மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. அந்தக் குழந்தைகள் பேசக் கூசினார்கள், சுருங்கினார்கள், பள்ளிப் படிப்பில் பின்தங்கினார்கள். அவர்கள் சார்பில் 'கூடாது' என்று சொல்ல ஒரு தாயோ தந்தையோ இல்லை. அந்த ஆய்வேடு நூலகத்தில் பல்லாண்டு தூங்கியது. செய்தி வெளியில் வந்து பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001-இல். அயோவா மாநிலம் நஷ்டஈடு கொடுக்க உடன்பட்டது 2007-இல். குழந்தைகள் அதற்குள் கிழவர்களும் கிழவிகளும் ஆகிவிட்டார்கள்.

ஒரே விடுதியின் குழந்தைகள். ஒருவர் அவர்களைப் பார்த்தார். மற்றவர் அவர்களைப் பயன்படுத்தினார். இரண்டும் பல்கலைக்கழகத்தின் பெயரால்தான் நடந்தன! ஆகவே, நாளை நீங்கள் ஒரு வினாத்தாளையும் நிறுத்துக் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு ஓர் இல்லத்துக்கோ பள்ளிக்கோ போகும்போது, அந்தக் குழந்தையின் தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இதைச் செய்வேனா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஒழுக்கநெறிக் குழு கையெழுத்திட்ட காகிதம் உங்களிடம் இருக்கலாம், அது அவசியமுந்தான், ஆனாலும் இந்தக் கேள்வியை அந்தக் காகிதம் உங்களுக்காகக் கேட்காது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு மேல்நாட்டுச் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் என்ற அறிஞர் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு 46 வாரத்திலேயே படியேறப் பழக்கினார். இன்னொன்றை 53 வாரம் வரை விட்டுவைத்துப் பிறகு பழக்கினார். பிந்தித் தொடங்கிய குழந்தை இரண்டே வாரத்தில் முந்தியதை எட்டிப் பிடித்துவிட்டது. எல்.கே.ஜி. வயதிலேயே கூட்டல் கணக்குக்குத் தனிப்பயிற்சி அனுப்புகிற பெற்றோருக்கு இதை நான் ஓயாமல் சொல்லி வருகிறேன். ஆயினும் நான் இதை இப்போது எடுத்துக்கொண்டது வேறொன்றுக்காக. மேல்நாட்டில் தயாரான ஓர் அளவுகோல், இத்தனை மாதத்தில் குழந்தை படியேற வேண்டும் என்று சொல்கிறது என்று வையுங்கள். படியே இல்லாத ஓலைக்குடிசைக் குழந்தை அதில் தோற்றால் குறை குழந்தையிடமா, கோலிடமா?

இந்தக் கேள்வியைச் சிரத்தையோடு எடுத்துக்கொண்டது பரோடா. 1949-இல் பல்கலைக்கழகமாக மலர்ந்த அந்த இடத்துக்கு முதல் துணைவேந்தராக வாய்த்தவர் ஹன்சா மேத்தா. மனித உரிமைப் பிரகடனத்தில் ஆடவரை மட்டும் குறிப்பதாக இருந்த வாசகத்தை எல்லா மனிதரையும் குறிப்பதாக மாற்றச் செய்த அதே அம்மையார்தான். அவர் காலத்தில் அங்கே மனையியல் புலம் வளர்ந்தது. குழந்தை வளர்ச்சி அதில் ஒரு துறையாயிற்று. அந்தப் பரோடாவில், பிரமீளா பாடக் என்ற ஆராய்ச்சியாளர், குழந்தை வளர்ச்சியை அளக்க மேல்நாட்டில் உருவான பெய்லி அளவுகோலை நம் குழந்தைகளிடம் வைத்துப் பார்த்து, அறிவு வளர்ச்சிக்கு 163, உடலியக்கத்துக்கு 67 என்ற கணக்கில் சோதனைகளை ஒழுங்குபடுத்தி, இந்தியக் குழந்தைக்கு உரிய வயது நியதிகளை நிறுவினார். புகழ் தேடாத வேலை அது. ஒரு குழந்தையின் வளர்ச்சி உண்மையிலேயே பின்தங்கியிருக்கிறதா என்று இன்று நம் மருத்துவமனைகளில் பார்க்கும்போது அந்த உழைப்பு அங்கே நிற்கிறது.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். சில மாதங்கள் தங்க வந்தவரை யுத்தம் இங்கேயே நிறுத்திவிட, கொடைக்கானல் மலையிலும் இருந்து பணியாற்றி 1946 வரை நம்மிடையே வாழ்ந்தார். கோவையில் அவினாசிலிங்கம் அவர்களின் பெயரால் 1957-இல் தோன்றிய மனையியல் கல்லூரி பின்னர் பல்கலைக்கழகமாகவே உயர்ந்தது. ஆனால் பல்கலைக்கழகங்களைவிட முன்னே நடந்தவர்களை மறக்கலாகாது. பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் பால மந்திரைத் தொடங்கியபோது எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. மராட்டியத்துக் கோஸ்பாடில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் பள்ளிக்கு வராத ஆதிவாசிப் பிள்ளைகளைத் தேடி அவர்கள் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். மாடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி வைத்தார்கள். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடி என்ற பெயரோடு இன்று நம் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறதே, அதன் வேர்களில் ஒன்று அந்த முற்றத்தில் இருக்கிறது.

அந்த அங்கன்வாடிக்கும் நம் துறைக்கும் இன்று என்ன உறவு? ஆண்டுக்கு ஒருமுறை மாணவிகள் வேனில் போய் இறங்குகிறார்கள். படம் வரைந்த அட்டைகளைக் காட்டுகிறார்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எடையும் உயரமும் எடுத்து, சமைத்துப் போட்டு, பதிவேடுகளை நிரப்பி, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் பார்க்கிற அங்கன்வாடிப் பணியாளர், எந்தப் பிள்ளை பேசப் பிந்துகிறது, எந்தப் பிள்ளை பிடித்துக்கொள்ளாமல் நிற்க மாட்டேனென்கிறது என்று நம்மைவிட நன்றாக அறிவார். அவர் அறிந்ததை எழுதிவைக்க அவருக்கு நேரமில்லை. நேரம் இருக்கிற நாம் அங்கே இல்லை. இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன்.

விட்டுவிடாமல் தொடர்ந்து பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஹவாய்த் தீவுகளில் காவாய் என்ற தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய தோழர்களும் நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமையும் குடும்பச் சச்சரவும் சூழப் பிறந்து, ஆபத்தில் இருப்பவர்கள் என்று கணிக்கப்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக எழுந்து நின்றதையும், அவர்களில் பெரும்பாலோருக்குப் பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, யாரோ ஒருவர் உறுதியாகத் துணை நின்றதையும் கண்டார்கள். அத்தனை பெரிய ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஓர் அங்கன்வாடிக்கு வேண்டுமா?

இத்துறைத் தலைவரிடமும் மாணவர்களிடமும் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. இந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில், நடந்து போகும் தூரத்தில், ஓர் அங்கன்வாடியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அங்கு வரும் குழந்தைகளின் தாய்மாரிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் மனமொப்பி இசைந்த பின், ஒவ்வொரு குழந்தைக்கும் தமிழில் ஒரு பதிவேடு தொடங்குங்கள். அதைத் தாய்க்கும் பணியாளருக்கும் படித்துக் காட்டுங்கள். தவறென்று அவர்கள் சொன்னால் திருத்துங்கள். வாரம் ஒருமுறை போங்கள். பரீட்சை மாதத்திலும் போங்கள். மூன்றாம் ஆண்டு முடிந்து நீங்கள் வெளியேறும்போது, அந்தப் பதிவேடுகளை முதலாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்து, அவர்களை அழைத்துக்கொண்டு போய் அந்தக் குழந்தைகளிடமும் தாய்மாரிடமும் அறிமுகம் செய்துவிட்டுப் போங்கள். அங்கன்வாடியைத் தாண்டித் தொடக்கப் பள்ளிக்குப் போன பிள்ளைகளை அங்கேயும் போய்ப் பாருங்கள். வருகிற திங்கட்கிழமை காலையில் அந்த அங்கன்வாடிக்கு முதல்முறை போக எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கிறீர்கள் என்று, இந்தக் கூட்டம் முடிந்ததும், உங்கள் பேராசிரியர் ஒரு தாளை வரிசையாகச் சுற்றவிடுவார். விருப்பமுள்ளவர்கள் பெயரெழுதுங்கள். ஆண் மாணவர்களும் எழுத வேண்டும் என்று நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.